அட்டவணை மகாத்மியம்

சென்னையில் மாநகரப் பேருந்துக்குக் கால அட்டவணையே இல்லை என்று சிலர் கூசாமல் சொல்லித் திரிகிறார்கள். அபாண்டம். அட்டவணை இருக்கிறது. பேருந்து நிலையங்களில் டைம் ஆபீஸ் என்று ஓர் அறை உண்டு. உள்ளே டைம் கீப்பர் உட்கார்ந்திருப்பார். எந்த வண்டி எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்குக் கிளம்ப வேண்டும் என்று அவர் மேஜையில் இருக்கும் தாளில் எழுதியிருக்கும். ஐந்து நாற்பது, ஐந்து ஐம்பத்திரண்டு, ஆறு மணி நாலு நிமிடம் என்று போகும் அந்தக் கணக்கு. தோராயமாக ஆறு மணி என்று கிறுக்கிவிட்டுப் போகிற அலட்சியம் அங்கே கிடையாது. நிமிடத்துக்கு அவ்வளவு மரியாதை. ஒரே ஒரு நியதிதான்: அந்தத் தாள் அந்த அறையைவிட்டு வெளியே வராது. மூலவரை யாராவது தெருவுக்குத் தூக்கி வருவார்களா? வெளியே நிற்பவர்கள் கோபுர தரிசனத்தோடு திருப்தி அடைய வேண்டியதுதான்.

கோபுரம் என்பது இங்கே பஸ் ஸ்டாப் நிழற்குடை. அதன் அழகைச் சொல்லி மாளாது. பளபளக்கும் கம்பி இருக்கை. உட்கார்ந்தவர் அதிலேயே ஊறிப்போய்விடக் கூடாது என்று முன்பக்கமாக லேசாகச் சரித்திருப்பார்கள். முதுகுப் பக்கம் முழுக்க ஒரு ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி. பக்கவாட்டில் பல் மருத்துவமனை. ஒரு தூணில் ஆண்கள் விடுதி, இன்னொரு தூணில் வீட்டிலிருந்தே மாதம் நாற்பதாயிரம் சம்பாதிக்கும் வழி. இத்தனைக்கும் இடம் கண்டுபிடித்தவர்கள் பஸ் நேரத்துக்கு மட்டும் ஒரு சாண் இடம் ஒதுக்கவில்லை என்றால் அதை மறதி என்று நினைப்பவர்கள் விஷயம் தெரியாதவர்கள். எழுதி ஒட்டினால் அது தினமும் பொய்யாகிக்கொண்டே இருக்கும். பொய்யை ஊரறிய ஒட்டிவைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. சத்தியத்தின் மேல் இப்படி ஒரு பற்றை வேறு எந்த அரசுத் துறையிலும் பார்க்க முடியாது.

இந்த ஊருக்கும் நேரத்துக்கும் உள்ள உறவு நேற்று வந்ததல்ல. 1792இல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வானாய்வுக்கூடம் கட்டியது. அதன் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழும் தெலுங்கும் உள்படப் பல மொழிக் கல்வெட்டோடு, கல்லூரிச் சாலை வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. அங்கே நட்சத்திரங்களைப் பார்த்துக் குறித்ததுதான் மெட்ராஸ் நேரம். பம்பாய்க்கு ஒரு கடிகாரம், கல்கத்தாவுக்கு ஒரு கடிகாரம் என்று ஊருக்கு ஊர் வேறு மணி அடித்த காலம் அது. ரயில் ஓட்ட ஒரே நேரம் வேண்டும் என்று வந்தபோது, 1870 வாக்கில் இந்திய ரயில்வேக்கள் எடுத்துக்கொண்டது மெட்ராஸ் நேரத்தைத்தான். ஹௌராவில் கிளம்பிய ரயிலும் நுங்கம்பாக்கத்துக் கணக்குப்படி கிளம்பியது. 1906 ஜனவரியில் இந்திய நேரம் என்று ஒன்றை அறிவிக்கும் காலம்வரை நாட்டின் தண்டவாளங்கள் எல்லாம் நம் ஊர் மணியில்தான் ஓடின. முல்லைக்குத் தேரைக் கொடுத்துவிட்டு நடந்தே வீடு போன பாரிக்குப் பிறகு இப்படி ஒரு வள்ளலைத் தமிழ் நிலம் கண்டதில்லை. நாடு முழுவதற்கும் நேரத்தை வாரிக் கொடுத்துவிட்டு, நுங்கம்பாக்கம் பஸ் ஸ்டாப்புக்கு ஒரு நிமிடத்தைக்கூட மிச்சம் வைத்துக்கொள்ளாத ஊர் இது.

அந்த மெட்ராஸ் நேரம் இந்திய நேரத்துக்கு ஏறக்குறைய ஒன்பது நிமிடம் பின்னால் இருந்தது. ஆகவே ஒன்பது நிமிடம் கழித்து வருகிற வண்டியைத் தாமதம் என்று சொல்வது வரலாறு படிக்காதவர் பேச்சு. பரம்பரைக் கணக்குப்படி அது சரியாகத்தான் வருகிறது. கல்கத்தா தன் சொந்த நேரத்தை 1948 வரைக்கும் விடவில்லை, பம்பாய் 1955 வரைக்கும் விடவில்லை என்று அந்த ஊர்க்காரர்கள் பீற்றிக்கொள்வார்கள். நாம் இன்னும் விடவில்லை. நாற்பது நிமிடம் தாமதமானால் என்ன சொல்வது என்று கேட்கலாம். அது அதற்கும் முந்திய ஏதோ ஒரு காலக் கணக்காக இருக்கும். 1972இல் நகரப் போக்குவரத்துக் கழகத்தைத் தொடங்கியபோது அதற்குப் பல்லவன் என்று பெயர் வைத்தவர்கள் சும்மாவா வைத்திருப்பார்கள்?

நேரத்தை அச்சடித்து, அதன்படியே வண்டியும் விட்டால் என்ன விபரீதம் நடக்கும் என்பதற்கு இதே ஊரில் ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. கோட்டையிலும் ஜார்ஜ் டவுன் கம்பெனிகளிலும் பேரேடு எழுதிய குமாஸ்தாக்கள் அந்த நேரத்தை நம்பி மாம்பலத்தில் குடிபோனார்கள். பிறகு சைதாப்பேட்டை, பல்லாவரம், குரோம்பேட்டை என்று தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே ஊர் தெற்கே நீண்டது. ஒன்பது மணி வண்டிக்கு எட்டரைக்குச் சாப்பாடு, எட்டரைச் சாப்பாட்டுக்கு ஏழரைக்கு உலை, அதற்கு ஐந்தரைக்கு வாசல் தெளிப்பது என்று ஒரு வீடே ரயிலுக்குப் பின்னால் வரிசையில் நின்றது. சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டதும் காபிக்குப் பால் அடுப்பில் ஏறும். சுதந்திரமான மனிதர்களை இப்படியா ஆட்டிவைப்பது? இன்றைய ஏற்பாட்டில் அந்தக் கொடுமை இல்லை. பாலை எப்போது அடுப்பில் ஏற்றுவது என்று எந்த வீட்டுக்கும் தெரியாது.

பஸ் ஸ்டாப்புக்குத் திரும்புவோம். அங்கே நேரம் சொல்ல அட்டவணை இல்லையே தவிர ஆள் இருக்கிறார். டீக்கடைக்காரர். 29சி வருமா என்று கேட்டால், ஆற்றிக்கொண்டிருக்கும் கிளாஸிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வார்: "இப்பத்தான் ஒண்ணு போச்சு." எந்நேரம் போய்க் கேட்டாலும் அதே பதில்தான். காலை ஆறு மணிக்கும் அதுதான், இரவு பத்துக்கும் அதுதான். ஆழ்ந்து யோசித்தால் இதைவிடத் துல்லியமான தகவல் இருக்க முடியாது. போனதைப் பற்றி மட்டும்தானே மனிதன் உறுதியாகப் பேச முடியும்? வருங்காலத்தைச் சொல்கிறேன் என்று இப்போது செல்போனில் செயலிகள் வந்திருக்கின்றன. பஸ் இரண்டு நிமிடத்தில் வரும் என்று காட்டும். கால் மணி கழித்துப் பார்த்தாலும் இரண்டு நிமிடத்தில் வரும் என்றே காட்டும். வாக்கு மாறாத செயலி.

கடைசியில் பஸ் வரும்போது ஒன்றாக வராது. மூன்றாக வரும். பெரம்பூரில் தனித்தனியாகக் கிளம்பியவை பெசன்ட் நகர் போய்ச் சேர்வதற்குள் ஒன்றையொன்று கண்டுபிடித்து, ஒட்டி உறவாடிக்கொண்டு வரும். இந்தப் பாசத்தைக்கூடச் சில வறட்டு மனிதர்கள் கணக்காக்கி இருக்கிறார்கள். நியூவெல், பாட்ஸ் என்று இரண்டு பேர் 1964இலேயே எழுதிவைத்தார்கள். முதல் வண்டி ஒரு சிக்னலில் இரண்டு நிமிடம் மாட்டுகிறது. அந்த இரண்டு நிமிடத்தில் அடுத்த ஸ்டாப்பில் பத்துப் பேர் கூடுதலாகச் சேர்கிறார்கள். அவர்கள் ஏறி இறங்க இன்னும் ஒரு நிமிடம் போகிறது. அதற்கடுத்த ஸ்டாப்பில் கூட்டம் இன்னும் அதிகம். இப்படி முதல் வண்டி கனத்துக்கொண்டே பின்தங்க, பின்னால் வரும் வண்டிக்கு ஆளே மிஞ்சாமல் அது காற்றாகப் பறந்து வந்து முன்னதை எட்டிப் பிடிக்கிறது. முதல் வண்டியில் ஃபுட்போர்டில் தொங்குகிறார்கள். மூன்றாவது வண்டியில் கண்டக்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து சில்லறை எண்ணுகிறார். இதைத் தடுக்க வழியும் உண்டு. நடுவில் ஒன்றிரண்டு இடத்தில் ஆள் நிறுத்தி, சீக்கிரம் வந்த வண்டியைக் கொஞ்சம் பிடித்துவைத்து விடலாம். அப்படிப் பிரித்துவைக்கிற பாவத்தை நம்மவர்கள் கட்டிக்கொள்வதில்லை. சராசரிக் கணக்குப் போடும் அதிகாரிக்கும் இதில் குறையே தெரியாது. பத்து நிமிடத்துக்கு ஒன்று வர வேண்டும், அரை மணிக்கு மூன்று வந்துவிட்டது, கணக்கு நேர்.

இந்த அட்டவணையின் மகிமையை முழுசாகப் பார்க்க விரும்புகிறவர்கள் விடியற்காலை பெரும்பாக்கம் போக வேண்டும். கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரத்தின் நடுவிலிருந்தும் அப்புறப்படுத்திய குடும்பங்களை அரசு கொண்டுபோய்க் குடிவைத்த அடுக்குமாடிகள் அங்கே இருக்கின்றன. பக்கத்தில் கண்ணகி நகர், அதற்கும் முன்பே 2000 வாக்கில் வந்தது. பழைய இடத்திலிருந்து சிலருக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர். வீடு மாறியது, வேலை மாறவில்லை. மயிலாப்பூரில் பாத்திரம் தேய்த்தவர் இன்னும் மயிலாப்பூரில்தான் தேய்க்கிறார். முன்பு நடந்து போனார். இப்போது அட்டவணையின் அருளால் போகிறார்.

அப்படிப் போகிற ஒரு பெண்ணைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்க்கலாம். கையில் கட்டைப்பை. பைக்குள் ஒரு டிபன் பாக்ஸ், மாற்று நைட்டி ஒன்று, பாலிதீன் கவரில் சுற்றிய போன். முதல் வீட்டில் ஏழு மணிக்குள் நுழைய வேண்டும். அந்த வீட்டம்மா ஏழேகாலுக்குக் குழந்தையை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு எட்டுக்கு ஆபீஸ் கிளம்ப வேண்டும். இரண்டாவது வீட்டில் படுக்கையில் இருக்கிற ஒரு பெரியவருக்கு ஒன்பதுக்கு இட்லி. மூன்றாவது வீட்டில் பதினொன்றுக்குள் துணி. ஐந்தே முக்கால் வண்டி ஐந்தே முக்காலுக்கு வந்தால் இதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். வராத அன்று போன் போகிறது.

"அக்கா, பஸ்சு இன்னும் வரலக்கா."

"டெய்லி இதே கததான் சொல்ற நீ."

"சத்தியமா வரலக்கா. ஸ்டாப்புலதான் நிக்கிறேன். வேணும்னா வீடியோ கால் போடட்டுமா?"

அக்கா வைத்துவிடுகிறார். தேய்க்காத குக்கர் சிங்க்கில் கிடக்க, குழந்தைக்குக் கடையில் வாங்கிய பிரெட். வேன்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டு மூன்றாவதுக்குக் காத்திருக்காமல் கிளம்புகிறார். அப்பா ஸ்கூட்டரில் துரத்துகிறார். பெரியவரின் இட்லி பத்தரைக்கு ஆறிப்போகிறது. ஒரு தாளில் இருந்து தப்பிய ஒரே ஒரு ஐந்தே முக்கால், பல கிலோமீட்டருக்கு அப்பால் மூன்று வீடுகளை ஆட்டிவைக்கிறது. எழுதி ஒட்டிய அட்டவணைக்கு இவ்வளவு செல்வாக்கு வராது.

இதற்கு அந்தப் பெண் கண்டுபிடித்த மருந்து எளிமையானது. ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுகிறார். நாலே முக்கால். அதற்கு மூன்றரைக்கு எழுந்திருக்க வேண்டும். வண்டி சீக்கிரம் வந்துவிட்டால் மயிலாப்பூரில் வாசல் திறக்காத வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார். வாட்ச்மேன் ஒரு பார்வை பார்ப்பார். அந்த ஒரு மணி நேரத்துக்கு டிக்கெட் இல்லை, சம்பளம் இல்லை, அது எந்தக் கணக்கிலும் வராது. ஒரு நாளைக்கு இருபத்துநாலு மணி நேரம்தான் என்று கடவுளே கட்டிப்போட்டிருக்க, ஏழைகளுக்கு மட்டும் தினமும் ஒரு மணி நேரத்தைப் புதிதாக உண்டாக்கிக் கொடுக்கும் வல்லமை நம் அட்டவணைக்கு இருக்கிறது. எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று துருவக் கூடாது. அவர் தூக்கத்திலிருந்துதான்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது நிஜமாகவே நல்ல காரியம் என்பதால் இந்தக் கட்டுரையில் அதற்கு இடமில்லை. ஆனால் அதன் அருகில் அட்டவணை செய்யும் கைங்கரியத்தைச் சொல்லியாக வேண்டும். முதலில் ஒரு டீலக்ஸ் வரும். அந்தப் பெண் ஏறமாட்டார். இன்னொரு டீலக்ஸ், ஏறமாட்டார். கட்டணமில்லாத பிங்க் வண்டி வரும்வரை நிற்பார். மாதம் ஆயிரம் ரூபாயோ என்னவோ மிச்சமாகிறது; அதை விட முடியுமா? காசு வாங்காமல் ஏற்றிக்கொள்ளும் வண்டி, காசுக்குப் பதிலாக வேறொன்றை வாங்கிக்கொள்கிறது. ஆனால் ரசீது கேட்டு யாரும் தொந்தரவு செய்வதில்லை.

அலுவலகங்களும் இந்த அட்டவணையின் மேல் அபார நம்பிக்கை வைத்திருக்கின்றன. பத்து மணிக்கு விரல் வைக்க வேண்டும். மூன்று நாள் தாமதமானால் அரை நாள் விடுப்பைக் கழித்துவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. மூன்று நாள் பஸ் தாமதமாக வந்தாலும் யாருக்கோ அரை நாள் கழிகிறது என்ற அளவில் நீதி தவறவில்லை. யாருக்குக் கழிகிறது என்பது சின்ன விஷயம்.

வண்டி ஓட்டுகிறவர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு சிங்கிள். ஒரு சிங்கிளுக்கு இத்தனை நிமிடம் ரன்னிங் டைம் என்று நிர்ணயம் செய்திருப்பார்கள். சாலையில் இத்தனை கார் இல்லாத காலத்து வேகம் இன்னும் அந்த நிர்ணயத்துக்குள் பசுமையாக இருக்கிறது. இப்போது இரண்டாம் கட்ட மெட்ரோவுக்காக 118.9 கிலோமீட்டருக்கு ஊரைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். தடுப்பு, மாற்றுப்பாதை, ஒருவழி. டிரைவர் என்ன செய்வார்? டீ குடிக்காமல் அடுத்த சிங்கிளைத் தொடங்குவார். அல்லது ஸ்டாப்புக்கு ஐம்பது அடி தள்ளி, ஓடி வரும் தெம்பு இருப்பவர்களுக்காக மட்டும் ஒரு கணம் வேகத்தைக் குறைப்பார். வயதானவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் கையைக் காட்டியபடி நிற்பார்கள். அவர்கள் கண்டக்டரைத் திட்டுவார்கள், கண்டக்டர் அவர்களைத் திட்டுவார். நிர்ணயம் செய்தவர் குளிர்சாதன அறையில் இருக்கிறார், அவரை யாரும் திட்டுவதில்லை. ஆட்சிக்கலை என்றால் இது.

அப்படியும் நாற்பது நிமிடம் பின்தங்கிப் போய்விட்டால் டைம் கீப்பரிடம் ஒரு பிரம்மாஸ்திரம் இருக்கிறது. கட். அந்த டிரிப்பையே வெட்டிவிடுவது, அல்லது பாதி வழியிலேயே வண்டியைத் திருப்பிவிடுவது. போர்டில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் கட் என்று சின்னதாக இருக்கும். கவனிக்காமல் ஏறியவர் சைதாப்பேட்டையில் இறங்கி நிற்பார். இதனால் தாளில் எந்த வண்டியும் தாமதமில்லை. கிளம்பாத வண்டிக்குத் தாமதம் ஏது? ஆறு இருபதுக்காக ஏழு ஸ்டாப்பில் நின்றுகொண்டிருக்கும் ஜனங்கள் மட்டும், அது இன்று பிறக்கவே இல்லை என்று தெரியாமல் சாலையின் வளைவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ரயில்வேக்காரர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் பலவீனமானவர்கள். நேரத்தை எழுதி ஒட்டிவிடுகிறார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை புறநகர் ரயிலைக் குறைத்துவிடும் நல்ல வழக்கம் அவர்களிடமும் இருக்கிறது. தி. நகர் ரங்கநாதன் தெருவில் வாரத்திலேயே அதிகக் கூட்டம் அன்றைக்குத்தான். கடைப் பிள்ளைகள் காலையிலிருந்து நின்று நின்று கால் வீங்கியிருப்பதும் அன்றைக்குத்தான். ஷட்டரை இறக்கிவிட்டு மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில் அவர்கள் ஓடுவதைப் பார்த்தால் இளைய தலைமுறைக்கு உடற்பயிற்சி இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். பிளாட்பாரத்தில் ஒலிபெருக்கி தடங்கலுக்கு வருந்தும். எவ்வளவு பண்பான குரல்! 2017இல் ஜப்பானில் ஒரு ரயில் இருபது விநாடி முன்னதாகக் கிளம்பிவிட்டது என்று நிர்வாகமே மன்னிப்புக் கேட்டது. பாவம், தவறு நடந்த பிறகு உட்கார்ந்து ஒரு மன்னிப்பை எழுத வேண்டியிருக்கிறது அவர்களுக்கு. நம்மிடம் முன்பே பதிவு செய்து தயாராக இருக்கிறது. வருத்தத்தில் மட்டும் நாம் ஒருநாளும் தாமதித்ததில்லை.

பறக்கும் ரயிலின் சிறப்பு தனி. 2023 ஆகஸ்டில் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே நாலாவது பாதைப் பணிக்காக ஏழு மாதம் நிறுத்துகிறோம் என்றார்கள். 2024 அக்டோபர் கடைசியில் மறுபடி ஓடியது. அறிவித்ததற்கு இரண்டு மடங்கு கொடுக்கும் நிறுவனத்தை வேறு எங்கே பார்ப்பது? வேளச்சேரிக்கு அந்த ரயில் வந்தது 2007இல். அங்கிருந்து பரங்கிமலைக்கு நீட்டும் வேலையில், தூண்கள் எல்லாம் எழும்பிய பிறகு, கடைசி அரை கிலோமீட்டர் மட்டும் நில எடுப்புத் தகராறில் பல ஆண்டுகள் நின்றது. அரை கிலோமீட்டரை இவ்வளவு நிதானமாகக் கடக்க முயன்ற ரயில் உலக வரலாற்றில் இருக்குமா என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.

கிளாம்பாக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. 2023 டிசம்பர் 30இல் பிரமாதமாக ஒரு பேருந்து முனையத்தைத் திறந்தார்கள். தென்மாவட்ட பஸ்களின் நேரமெல்லாம் அங்கிருந்து. ரயில் ஸ்டேஷன் பிறகு வரும் என்றார்கள். திருச்சிக்குப் போகிறவர் இரவு பத்து மணி வண்டிக்கு மாதவரத்திலிருந்து ஏழு மணிக்கே மூட்டையோடு கிளம்பினார். முன்பெல்லாம் பயணம் பஸ் ஏறியதும் தொடங்கும். இப்போது அதற்கு மூன்று மணி நேரம் முன்பே தொடங்கிவிடுகிறது. அதே டிக்கெட்டில் எவ்வளவு கூடுதல் பயணம்.

இத்தனை பெருமைகளுக்கும் நடுவில் ஒரு கரும்புள்ளி உண்டு, அதை மறைப்பானேன். 2015இல் வந்த மெட்ரோ ரயில். போர்டில் மூன்று நிமிடம் என்று போடுகிறது. மூன்று நிமிடத்தில் வந்து நிற்கிறது. அதில் பழகியவர்களுக்குக் காத்திருக்கும் கலையே மறந்துபோகிறது. கடிகாரத்தைப் பார்த்து வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள், சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்கிறார்கள், பக்கத்தில் நிற்பவரிடம் அரசாங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. பரம்பரைப் பண்பாடு இப்படித்தான் அழியும். நல்லவேளையாக ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்ததும் வீட்டுக்குப் போக பஸ் ஸ்டாப்பில் நின்றாக வேண்டும் என்பதால் முழுசாகக் கெட்டுப்போக வழியில்லை.

சிக்கனத்தையும் பாராட்ட வேண்டும். பெங்களூரு ஆறாயிரத்துக்கும் மேல் பஸ் வைத்துக்கொண்டு திணறுகிறது. நாம் மூவாயிரத்துச் சொச்சத்திலேயே சமாளிக்கிறோம். மீதி மூவாயிரத்துக்கு டிரைவர் தேட வேண்டாம், டீசல் போட வேண்டாம், நேரம் குறிக்க வேண்டாம். நின்று அலுத்தவர்கள் தவணையில் ஒரு பைக் வாங்கிக்கொள்கிறார்கள். அந்தப் பைக்குகள் எல்லாம் சேர்ந்து சாலையை அடைத்து, பஸ்ஸை இன்னும் தாமதமாக்கி, அடுத்த ஆளைப் பைக் ஷோரூமுக்கு அனுப்புகின்றன. பைக் வாங்க முடியாதவர்களை ஷேர் ஆட்டோ பார்த்துக்கொள்கிறது. அதற்கு அட்டவணை என்றால் ஆள் நிறைவதுதான். மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஐந்தாவது ஆள் உட்கார்ந்ததும் நேரம் ஆகிவிட்டது என்று பொருள்.

இவ்வளவு நன்மையும் பயணிகளோடு நின்றுபோவதுதான் மனசுக்குச் சங்கடமாக இருக்கிறது. வண்டிகளுக்கு நேரம் வகுக்கும் மேலதிகாரிகளுக்கும், அவர்களுக்கு மேலே நிதி ஒதுக்குகிறவர்களுக்கும், சம்பளம் இன்னும் அதே பழைய சலிப்பூட்டும் முறையில் மாதக் கடைசியில் தேதி தவறாமல் வங்கியில் ஏறுகிறது. அவர்களையும் இந்த ஏற்பாட்டுக்குள் கொண்டுவரலாம். மாதம் ஒரு சம்பளம் என்பது மட்டும் ஆணையில் இருக்கட்டும். எந்தத் தேதி என்பது கருவூலத்தில் ஒரு மேஜையின் மேல் இருக்கட்டும். ஜூன் வராது. ஜூலையும் வராது. ஆகஸ்ட் பத்தாம் தேதி மூன்றும் ஒட்டிக்கொண்டு வரும்; சராசரி பார்த்தால் குறையே இருக்காது. அவசரத்தில் இருக்கும் மாதங்களில் சம்பளம் அவர்கள் கணக்கைத் தாண்டி ஐம்பது அடி தள்ளி நிற்கும், ஓடிப் போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும். சில மாதம் பாதியில் கட். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் வீட்டுக் கடன் தவணைக்கும் என்ன செய்வது என்றால், ஒரு மாதம் முன்னதாகவே கிளம்பிவிடப் பழகிக்கொள்வார்கள். பெரும்பாக்கத்தில் கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறது. கருவூலத்துக்கு நேரிலேயே வந்து கேட்பவர்களுக்காக வாசலில் ஒருவரை உட்கார வைத்தால் போதும். ஆற்றிக்கொண்டிருக்கும் டீயிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் சொல்வார்: "இப்பத்தான் சார் ஒண்ணு போச்சு."